மூச்சும் முன்வினையும்

ஒருவருக்கு நோய் வந்தால் அது எதனால் வந்தது என்று வைத்தியர் கேட்பதும், அது ஏன் இவருக்கு வந்தது என்று வீட்டார் கேட்பதும் ஒரே கேள்வியாகத் தோன்றினும் அவை இரண்டு கேள்விகளே. முதற்கேள்விக்குத் தூசி, புகை, பனி, சளி என்று விடை வரும். இரண்டாவதற்கு நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கிவரும் விடை வினை என்பது. மற்ற நோய்கள் பலவற்றில் இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று இடறாமல் அருகருகே இருந்துவிடுகின்றன. ஆஸ்துமா என்று இப்போது பெயர் பெற்றிருக்கும் இரைப்பு நோயிலோ அவை நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. ஏனெனில் இந்நோயைத் தூண்டிவிடுவது பல வேளைகளில் அடுத்தவர் செய்யும் காரியமாக இருக்கிறது, அதிலும் சில காரியங்கள் பக்தியின் பேராலேயே செய்யப்படுகின்றன. 'அவரவர் வினையை அவரவர் அனுபவிக்கிறார்' என்னும் சொல், புகையை மூட்டியவரின் வாயிலிருந்தே வருமானால், அச்சொல்லை நம் சமய சாஸ்திரங்கள் ஒப்புக்கொள்ளுமா என்பதே நான் ஈண்டு ஆராய விரும்புவது.

1993ஆம் ஆண்டு தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான விழுப்புரத்தின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டளவான விசாரமன்று. அறுவடை முடிந்து நெல்லும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விற்பனைக் கமிட்டிக்கு வந்து குவிகின்ற நாட்களில், மூட்டை அவிழ்த்துக் கொட்டும் இடத்திலும் தூற்றும் களத்திலும் எழும் சுணை கலந்த தூசி, அங்கே கூலி வேலை செய்கிறவர் வீடு திரும்பிய பின்னும் அவர் சட்டையோடும் தலைமுடியோடும் கூடவே வருகிறது. கரும்பு வெட்டிய தோட்டங்களில் சோகையைக் கொளுத்துகிறார்கள். வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளையும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களையும் ஒட்டிய சாலைகளில் லாரிக்குப் பின்னால் போகிறவர் முந்தானையாலோ துண்டாலோ மூக்கை மூடிக்கொள்ளாமல் போக முடிவதில்லை. ஏரிக்கரையெங்கும் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது, தரிசில் பார்த்தீனியம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கிறது. இரண்டின் மகரந்தமும் ஒவ்வாதவரை விட்டுவைப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக மார்கழிப் பனி ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வந்தால் 'வீசிங்' என்றும், பாட்டிக்கு வந்தால் 'இழுப்பு' என்றும் இங்குள்ளவர்கள் சொல்லும் அந்த நோய் தலைதூக்குவதற்கு வருஷத்தில் எந்த மாதமும் விலக்கில்லை.

நோயின் இயல்பைச் சற்றே விளக்குவது அவசியம். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் உட்சவ்வு, இந்நோய் உள்ளவர்களிடத்தில் எப்போதும் ஓரளவு வெந்து சிவந்தே இருக்கிறது. மற்றவர்க்கு ஒரு தும்மலோடு போய்விடக்கூடிய சிறு தூண்டுதல் பட்டவுடனே அக்குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகி, சவ்வு வீங்கி, சளி சுரந்து, வழி குறுகிவிடுகிறது. காற்றை உள்ளே இழுப்பதைக் காட்டிலும் இழுத்த காற்றை வெளியே விடுவதுதான் அப்போது பெரும்பாடு. இந்நோயில் கேட்கும் சீழ்க்கை ஒலி பெரும்பாலும் மூச்சு வெளியே வரும்போது எழுவது. சரக சம்ஹிதை சுவாச நோய்களை ஐந்தாகப் பிரித்து, அவற்றுள் தமக சுவாசம் என்று ஒன்றை வருணிக்கும்போது, நோயாளி படுத்தால் வருந்துகிறான், உட்கார்ந்தால் சுகமடைகிறான் என்று சொல்வதும், தூசியும் புகையும் காற்றும் குளிர்ந்த இடமும் குளிர்ந்த நீரும் சுவாச நோய்க்கு ஏதுக்களாகும் என்றும், மேகம் மூடிய நாளிலும் கீழ்க்காற்றிலும் தமக சுவாசம் மிகும் என்றும் கூறுவதும், இன்றைய மருத்துவர் நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அட்டவணையோடு வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கின்றன. வினையை மறுக்காத ஒரு சாஸ்திரம், வினை என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், தூசி என்றும் புகை என்றும் பெயர் சொல்லிச் சுட்டியிருப்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஏதுக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும், நம் உடம்பினின்று உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழும் நுண்ணிய உண்ணிகள் பெருகுகின்றன. அவற்றின் எச்சமே பலருக்கு இழுப்பை உண்டாக்குகிறது. சுவரில் ஈரம் கோத்த இடத்துப் பூஞ்சணம், அடுப்படிக் கரப்பான், பூட்டிய அறையில் இராமுழுதும் எரியும் கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, வீட்டிலொருவர் பிடிக்கும் பீடி, புதிதாய் அடித்த பெயின்ட், வெறுஞ் சளிக் காய்ச்சல், சிலருக்குத் தலைவலிக்கென்று விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரை என்று இப்பட்டியல் நீளும். வாய்விட்டுச் சிரித்தாலும், தேம்பி அழுதாலும், அச்சத்தில் நெஞ்சு படபடத்தாலும் இழுப்பு வருவதுண்டு. இந்தக் கடைசி விஷயம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. மூச்சுக்குத் திணறும் ஒருவரிடம் 'உன் பாவம்' என்று சொல்லி அவர் மனத்தைக் கலங்கச் செய்வதுங்கூட நோயின் தூண்டுதல்களில் ஒன்றாகிவிடுகிறதன்றோ?

இனிப் பக்தியின் பேரால் நடப்பவற்றுக்கு வருவோம். திண்டிவனத்தில் எனக்கு உறவான ஒரு வீட்டில், போகியன்று விடியலுக்கு முன்னே, வயது எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் கட்டிலின் ஓரத்தில் முழங்கால்களில் இரு கைகளையும் ஊன்றிக் குந்தியிருந்ததைக் கண்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறின. கழுத்தடிக் குழி உள்ளே அழுந்தியது. மகள் ஈரத்துணியைச் சுருட்டிக் கதவின் அடி இடுக்கில் செருகிக்கொண்டிருந்தாள். தெருவில் பழம்பாயும் துடைப்பமும் அவற்றோடு ஒரு சைக்கிள் டயரும் எரிய, பிள்ளைகள் போகி மேளத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றபோது, அந்த அம்மாள் இரண்டிரண்டு சொல்லாய், "உடுடி... நல்ல நாளும்... அதுவுமா... புள்ளைங்கள... ஒண்ணும் சொல்லாத... எல்லாம்... நான் செஞ்ச பாவம்" என்றார். மார்கழிக் கடைசி விடியலில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால், எழும் புகை உயரே போக வழியின்றித் தெருவிலேயே தங்குகிறது என்பதும், ரப்பர் எரிந்தால் கந்தக வாயு எழும் என்பதும் அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே. அதைத் தம்மேலேயே போட்டுக்கொண்டார். 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் ஆகாய விமானங்களே புகைமூட்டத்தால் இறங்க இடம் காணாமல் வேற்றூர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானங்கள் திரும்பிப் போயின. கட்டிலோரத்தில் இருக்கும் மூதாட்டி எங்கே போவார்?

போகி வருஷத்துக்கு ஒரு நாள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலிடும் சாம்பிராணியும், குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குக் காட்டும் தூபமும், புதுமனை புகும்போது சன்னல்களைச் சாத்திக்கொண்டு வளர்க்கும் ஹோமமும் அவ்வப்போது வருபவை. மேல்மலையனூரில் அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சலில் எழுந்தருளும் வேளையில், பெருந்திரளான ஜனங்கள் எலுமிச்சம்பழத்தின்மேல் கற்பூரம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்கும் காட்சி, கண்டவர் மறக்கக் கூடியதன்று. அந்தத் திரளின் நடுவே இழுப்புக்காரர் ஒருவர் அகப்பட்டுக்கொண்டால் வெளியே வரும் வழி எளிதன்று என்பதும் அத்துடன் சேர்த்து எண்ண வேண்டியதே. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு விடியற்காலத்துக் குளிர்நீரில் முழுகி, பின்பு செங்குத்தான மலையேறும் விரதக்காரர்க்குக் குளிர், உடலுழைப்பு என்ற இரு தூண்டுதல்களும் ஒருங்கே வாய்க்கின்றன. இவற்றை எடுத்துரைப்பதால் நான் வழிபாட்டை இகழ்கிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. தூபம் பதினாறு உபசாரங்களுள் ஒன்று. சாம்பிராணியின் மணம் கோயிலுக்கும் தர்காவுக்கும் தேவாலயத்துக்கும் பொது. அது யாருக்காக இடப்படுகிறதோ அந்தப் பரம்பொருளின் திருவுள்ளம் யாது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் இந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அவர் வழிவந்த சைவ சித்தாந்தம், வினையை மூன்றாகப் பகுத்து, முன்பு ஈட்டிச் சேர்ந்து கிடப்பதைச் சஞ்சிதம் என்றும், அதில் இப்பிறவியில் நுகர்வதற்கு வந்ததைப் பிராரத்துவம் என்றும், நுகரும்போதே புதிதாய் ஈட்டுவதை ஆகாமியம் என்றும் கூறும். பிராரத்துவமும் வானத்திலிருந்து வெறுமனே விழுவதில்லை. தன்னாலும் பிற உயிர்களாலும் வருவது, குளிர் காற்று மழை முதலிய பூதங்களால் வருவது, தெய்வத்தால் வருவது என்று அதற்கும் வாயில்கள் மூன்று உண்டு. மேலும் எக்காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்று வேண்டும் என்பதும், குடத்துக்கு மண்ணும் திரிகையும் குயவனும் போல என்பதும் அச்சாத்திரம் பயிலும் மாணாக்கர் முதலில் கற்கும் பாடம். இதை நம் விஷயத்தில் பொருத்திப் பார்த்தால், பரம்பரையாலும் இளமையிலேயே அமைந்த உடற்கூற்றாலும் வெந்து கிடக்கும் மூச்சுக்குழல் மண்ணின் ஸ்தானத்திலும், புகையும் தூசியும் பனியும் திரிகையின் ஸ்தானத்திலும் நிற்கக் காண்கிறோம். மண் இருக்கிறதே என்பதற்காகத் திரிகையைச் சுற்றியாக வேண்டும் என்ற விதி எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? துணைக்காரணத்தை விலக்கினால் காரியம் தடைப்படும் என்பது சித்தாந்தத்துக்கும் சம்மதம், வைத்தியத்துக்கும் சம்மதம்.

ஒருவர் இப்படி ஆட்சேபிக்கலாம்: 'வினை சடப்பொருள், அது தானே வந்து பொருந்தாது, இறைவனே கூட்டுவிக்கிறான் என்று நீங்களே சொல்வீர்கள், அப்படியானால் அந்த மூதாட்டிக்கு வர வேண்டிய துன்பத்தை என் வீட்டுப் புகையின் வழியாக இறைவன் கூட்டுவித்தான், நான் வெறுங் கருவிதானே?' இந்த ஆட்சேபம் வலிமையுடையது போல் தோன்றுகிறது. ஆயின் கருவி தன் விருப்பும் வெறுப்பும் கொண்டு செயற்படுமாயின், அச்செயல் அக்கருவியின் கணக்கில் ஆகாமியமாய் ஏறும் என்பதை ஆட்சேபிப்பவர் மறந்துவிடுகிறார். மூதாட்டியின் பிராரத்துவம் மூதாட்டிக்கும் ஆண்டவனுக்கும் இடையிலுள்ள வழக்கு. அதில் சாட்சி சொல்லவோ தீர்ப்புச் சொல்லவோ அடுத்த வீட்டாருக்கு அதிகாரமில்லை. அடுத்த வீட்டாருக்கு இருப்பது தம்முடைய ஆகாமியம் ஒன்றே. எனவே வினைக் கொள்கையை முழுமனத்தோடு நம்புகிறவர்தாம் தீக்குச்சியைக் கிழிக்கும் முன் மற்றெவரைக் காட்டிலும் அதிகமாய் அஞ்ச வேண்டும். வினை என்பது பிறர் துன்பத்தைக் கண்டு நாம் சொல்வதற்கு ஏற்பட்ட சமாதானமன்று. நாம் செய்யப்போவதைக் குறித்து நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கு ஏற்பட்டது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் இன்னா செய்யாமைக்கும் மருந்துக்கும் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்ததும் இதனாலேயே என்று கருதுகிறேன்.

மற்றைச் சமயங்களும் இதையே வேறு வழியில் காட்டுகின்றன. மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன், மனிதன் நுகரும் சுகதுக்கம் யாவும் முன்வினையின் பயனே என்று சிலர் சொல்கிறார்களே என்று புத்தபிரானைக் கேட்டதும், அவர் பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டி, எல்லாம் முன்வினையே என்பவர் கண்கூடாக அறிந்ததையும் உலகம் ஒப்பியதையும் கடந்து பேசுகிறார் என்று மறுமொழி கூறியதும் சம்யுத்த நிகாயத்தில் காணப்படுகின்றன. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரில் மடம் கொண்டு விளங்கும் தமிழ்ச் சமணர்களின் நெறியோ, காற்றையும் நெருப்பையுமே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்று எண்ணும் அளவுக்கு நுணுக்கமானது. பிறரைத் துன்புறுத்துதலும் வருத்துதலும் அழச் செய்தலும் தனக்குத் துன்பம் தரும் வினையை ஈட்டித் தரும் என்று தத்துவார்த்த சூத்திரம் வெளிப்படையாய்க் கூறுகிறது. ஆக, இம்மண்ணில் வேரூன்றிய எந்தச் சமயத்தைக் கேட்டாலும், நோயுற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் புகை மூட்டியவர் விலகிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் கட்சிக்கு நேர் எதிராய் நிற்பதாகத் தோன்றும் ஓர் அடியாரை விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது. திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக்கலய நாயனாரின் திருத்தொண்டு முழுவதுமே புகைதான். வறுமை வந்து பிள்ளைகளும் சுற்றமும் பசித்திருக்க, நெல் வாங்கி வரும்படி மனைவியார் கழற்றிக் கொடுத்த தாலியை எதிரே வந்த வணிகனிடம் கொடுத்து, அதற்கு ஈடாகக் குங்கிலிய மூட்டையை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனவர் அவர். புகை இறைவனுக்கு இவ்வளவு உவப்பானதா என்று இவ்விடத்தில் எவரும் கேட்பர். ஆனால் பெரிய புராணம் அவ்வரலாற்றை அங்கே முடிக்கவில்லை. அடியார் கோயிலில் தம்மை மறந்து நிற்க, அன்றிரவு அவர் இல்லத்தில் நெல்லும் பொன்னும் நிறையும்படி அருளியவனும், பசித்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்ப் பாலடிசில் உண்டு வருத்தம் தீர்வாய் என்று அவரையே அனுப்பிவைத்தவனும் அந்தப் புகையை ஏற்ற அதே இறைவன். தொண்டர் குங்கிலியத்தை நினைத்தார். ஆண்டவன் வீட்டில் பசியோடு கிடந்தவர்களை நினைத்தான். நாயனாரின் உறைப்பு நம்மால் எட்ட இயலாதது. நம்மால் எட்டக்கூடியது, அந்தக் கதையில் இறைவன் எதைக் கவனித்தான் என்பதை நாமும் கவனிப்பதே. தூபமும் தீபமும் மணியும் இன்றி மனத்துக்குள்ளேயே பூசை முடித்த வாயிலாரும், நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரும் அதே அறுபத்து மூவர் வரிசையில் ஒரு படியும் தாழாமல் வீற்றிருக்கிறார்கள். மூடிய அறையில் சாம்பிராணி இடாத ஒரு வெள்ளிக்கிழமையால் எந்தத் தெய்வமும் பட்டினி கிடக்காது.

மருந்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. 'பம்பு போட்டால் பழகிவிடும், பிறகு விடவே முடியாது' என்று அஞ்சி, மூச்சு முட்டும் வரையில் பொறுத்திருப்பதே தவம் என்று எண்ணுகிறவர்கள் இப்பக்கத்தில் அனேகர். பம்பின் மூலம் சுவாசத்தின் வழியே செல்லும் மருந்து அடிமைப்படுத்துவதன்று. வாயால் விழுங்கும் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவில், வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்வது. வீக்கத்தைத் தணிக்கும் மருந்தை நோயில்லாத நாட்களிலும் தவறாமல் எடுத்து வந்தால், அவசரத்துக்கு எடுக்கும் மருந்தின் தேவை குறையும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் இந்நோய் உடையவர்கள் சுமார் 26 கோடியே 20 லட்சம். அவ்வாண்டு மாண்டவர்கள் 4,55,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மருந்து எளிதில் எட்டாத ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். பிராணாயாமம் செய்கிறவர் செய்யட்டும், ஆடாதோடைக் கஷாயம் குடிக்கிறவர் குடிக்கட்டும். ஆனால் இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியாமல் திணறும்போது அவற்றை நம்பிக் காத்திருப்பது தெய்வ நம்பிக்கையாகாது. சூலை நோயால் துடித்து வந்த தம்பிக்குத் திருவதிகையில் திருநீறு அளித்துக் கோயிலுக்குக் கூட்டிச்சென்ற திலகவதியார், உன் வினையை நீயே அனுபவி என்று கதவைச் சாத்தியிருந்தால் நமக்குத் திருநாவுக்கரசர் இல்லை.

ஆதலால் விழுப்புரத்தாரையும் திண்டிவனத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது இது. போகியன்று பழையன கழிப்பது என்றால் கழித்துவிடுங்கள். குப்பை வண்டியில் போடுங்கள், டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். ஒட்டடை அடிக்கும் அன்று இழுப்புள்ளவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தலையணை உறைகளைச் சுடுநீரில் துவைத்து, மெத்தையை நல்ல வெயிலில் காயவையுங்கள். ஹோமம் வளர்த்தால் கதவு சன்னல்களைத் திறந்து வையுங்கள். கோயிலில் திருவிழா நடத்துகிறவர்கள் கூட்டத்தின் நடுவே வெளியேறுவதற்கு ஒரு வழி விட்டு வைக்கட்டும். விரதத்துக்கு மாலை போட்டவர் மருத்துவரைக் கேட்டுப் பம்பைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். உதடு நீலம் பாரித்தாலோ, இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் போனாலோ, எந்த நாளானாலும் எந்த நேரமானாலும் 108க்குச் சொல்லி, அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோ முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்லுங்கள். தெருவில் தீ மூட்டப் போகும் எவரும், அதற்கு முன் அக்கம்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே இழுப்புக்காரர் யாரேனும் இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.